ரோமானியர் கால எனாமல் விலங்கு ப்ரூச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல், வாத்து, நாய், சேவல், டால்ஃபின், குதிரை. இரண்டு விரலுக்குள் அடங்கும் அளவில் வெண்கலத்தில் வார்த்து, உடலில் குழி விட்டு, அந்தக் குழிக்குள் வண்ணக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய உடையூசிகள். ஊசிக்குப் பெயர் ப்ரூச், அந்தக் கண்ணாடி நிரப்பல்தான் எனாமல். ஏறக்குறைய 1,800 வருடங்களுக்கு முன்னால் ரோமப் பேரரசின் வடமேற்கு மூலையில் மக்கள் இவற்றைத் துணியில் குத்திக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போனார்கள். நான் இவற்றின் மேல் பைத்தியமாக இருப்பது தெரிந்த நண்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது நகையா, ஊக்கா?

முதலில் ஊக்கு, அப்புறம்தான் நகை. லத்தீனில் இதற்குப் பெயர் ஃபிபுலா. சட்டைப் பொத்தான் மாதிரி ஏற்பாடு அந்தக் காலத்து உடைகளில் பரவலாக இல்லை, மேலங்கி, போர்வை, பெண்களின் தோளில் இணையும் மேலுடை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஏதாவது குத்தியாக வேண்டும். அதற்காக வந்ததுதான். நம் வீட்டு ஊக்கை எடுத்துப் பாருங்கள்: ஒரு ஊசி, அது அசைய ஒரு சுருள், முனை போய் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. ஃபிபுலாவும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் விலங்கு வடிவங்கள் பெரும்பாலும் தட்டை வகை. முன்பக்கம் ஒரு தகடு மாதிரி விலங்கு, பின்பக்கம் ஊசி. தகட்டுக்கும் ஊசிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. கனத்த கம்பளி மேலங்கியின் இரண்டு மடிப்பை அதற்குள் திணிக்க முடியாது. வில் மாதிரி வளைந்த பெரிய ஃபிபுலாக்கள்தான் அந்த வேலையைச் செய்தன. அதனால் இந்த முயலும் வாத்தும் மெல்லிய துணியில், கண்ணில் படும் இடத்தில், அழகுக்காகக் குத்தியவை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அருங்காட்சியகத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டி வைத்திருப்பார்கள். பின்பக்கப் படம் கிடைத்தால் விடாதீர்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

எந்தக் காலம்? எந்த ஊர்?

கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி மூன்றாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை. உச்சம் இரண்டாம் நூற்றாண்டு. இன்றைய இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், ரைன் நதிக்கரை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டான்யூப் கரை நாடுகள். இத்தாலியில் இவற்றுக்கு அவ்வளவு மவுசு இல்லை. ரோமானிய ப்ரூச் என்று சொல்கிறோம், சரிதான், பேரரசுக்குள் செய்ததுதானே. ஆனால் ரசனை ரோம் நகரத்தினுடையது இல்லை, மாகாணங்களினுடையது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பல விஷயங்கள் தானாகப் புரியும்.

அப்படியானால் எனாமல் வேலை ரோமானியர்கள் கற்றுக்கொடுத்தது இல்லையா?

இல்லை. இதற்கு ஒரு பழைய சாட்சியே இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிலோஸ்ட்ராட்டஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் ஓவியங்களை வர்ணித்து ஒரு நூல் எழுதினார். அதில் வேட்டைக்காரர்களின் ஓவியம் ஒன்று வரும் இடத்தில், குதிரைச் சேணத்தின் வண்ணங்களைப் பார்த்துவிட்டு, சமுத்திரத்தில் வாழும் அந்நிய மக்கள் காய்ச்சிய வெண்கலத்தின் மேல் இந்த வண்ணங்களை ஊற்றுகிறார்கள், அவை ஒட்டிக்கொண்டு கல் போல இறுகி வரைந்ததை அப்படியே காப்பாற்றுகின்றன என்று சொல்கிறார். சமுத்திரத்தில் வாழும் மக்கள் என்றால் பிரிட்டன், வடக்கு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம்) நாட்டு மக்கள் என்றுதான் பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். ஒரு கிரேக்கர் இதை "அவர்களுடைய கலை" என்று விலகி நின்று சொல்வது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ரோமப் படை கி.பி. 43-ல் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு முன்பே அங்கே குதிரைச் சேணத்திலும் கேடயத்திலும் சிவப்புக் கண்ணாடி பதித்தார்கள். தேம்ஸ் நதியில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பேட்டர்ஸீ கேடயத்தில் அந்தச் சிவப்பைப் பார்க்கலாம். அப்போதெல்லாம் பெரும்பாலும் சிவப்பு ஒன்றுதான். ரோமானிய ஆட்சி வந்தபிறகு கண்ணாடி வியாபாரம் பெருகியது, நீலம், மஞ்சள், வெள்ளை, பச்சை, ஆரஞ்சு எல்லாம் கைக்கு வந்தது. கை உள்ளூர்க் கை, வண்ணப் பெட்டி பேரரசினுடையது.

எப்படிச் செய்தார்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் பதில் நீளும்.

முதலில் வார்ப்பு. முயலின் உருவத்தைக் களிமண் அச்சில் வார்த்துவிடுவார்கள். உடலில் எனாமல் போக வேண்டிய குழிகள், பின்பக்கத்துக் கொக்கி, ஊசியைத் தாங்கும் காதுகள், எல்லாம் வார்ப்பிலேயே வந்துவிடும், அப்புறம் உளியாலும் அரத்தாலும் சரிசெய்வார்கள். உலோகத்தை வெண்கலம் என்று சொல்கிறோம், ஆனால் செம்போடு வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் எல்லாம் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். பழைய பாத்திரங்களை உடைத்து உருக்கியதும் அதில் சேரும். அதனால்தான் தொல்லியலாளர்கள் பொதுவாகச் செப்புக் கலவை என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது கண்ணாடி. ரோமானியர் காலத்தில் மூலக் கண்ணாடிக் கட்டி, அதாவது இன்னும் பாத்திரமாகாத கண்ணாடி, பெரும்பாலும் எகிப்திலும் சிரியா, பாலஸ்தீனக் கடற்கரையிலும்தான் தயாரானது. அங்கத்துக் கடற்கரை மணல், எகிப்தின் உப்பேரிகளில் கிடைக்கும் நேட்ரான் என்ற கார உப்பு, இரண்டையும் உருக்கிக் கட்டிகளாகக் கப்பலேற்றுவார்கள். யார்க்ஷையர் வயலில் கிடைத்த ஒரு வாத்தின் நீலச் சிறகில் இருக்கும் மணல் மத்தியதரைக் கடலின் இன்னொரு கோடியிலிருந்து வந்திருக்கக் கூடும் என்பதை முதலில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நிறம் வருவது உலோகங்களால். ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட், வெளிர்நீலத்துக்கும் பச்சைக்கும் செம்பு, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் ஆன்டிமனி. சிவப்பும் செம்புதான், ஆனால் அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். செம்பு காற்றோடு சேர்ந்தால் பச்சையாகிவிடும். உலைக்குள் காற்று குறைவாக, புகை நிறைந்ததாக இருந்தால்தான் கண்ணாடிக்குள் நுண்ணிய சிவப்புப் படிகங்கள் உருவாகும். ஈயமும் நிறையச் சேர்ப்பார்கள். அந்தச் சிவப்புக் கட்டியைச் செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது நிரப்புவது. கண்ணாடியைத் தூளாக்கி, தண்ணீரில் குழைத்து, குழியில் அப்பி, காய விட்டு, உலையில் வைக்க வேண்டும். தூள் இளகி ஒன்றாக 700, 800 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெண்கலமோ 900, 1,000 டிகிரி பக்கத்தில் உருகத் தொடங்கிவிடும், ஈயம் அதிகமாகக் கலந்திருந்தால் அதற்கு வெகு முன்பே ஈயம் வியர்வை மாதிரி மேலே கசியும். நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். வெப்பமானி கிடையாது, கரி உலையின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் முந்தினால் கண்ணாடி பொரபொரவென்று நிற்கும், கொஞ்சம் பிந்தினால் முயலின் காது வளைந்துவிடும். வெளியே எடுத்தபிறகும் அவசரப்பட முடியாது, உலோகமும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, சட்டென்று ஆறினால் விரிசல் விடும். இளகியபிறகு கண்ணாடி அமுங்கிப்போகும், அதனால் மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும். கடைசியில் கல்லால் தேய்த்து உலோகமும் கண்ணாடியும் ஒரே மட்டமாக வந்தபிறகு மெருகு.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே குழிக்குள், நடுவில் உலோகச் சுவர் எதுவும் இல்லாமல், சிவப்பும் நீலமும் அடுத்தடுத்து நிற்பதை ரோமானியர் கால எனாமலில் அடிக்கடி பார்க்கலாம். இரண்டு தூளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் சுட்டால் ஓரத்தில் கலந்துவிடும். அதனால் ஏற்கனவே வெட்டிய சின்னக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சூடாக்கியிருப்பார்கள் என்று சொல்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி அந்த எல்லைக்கோட்டைப் பாருங்கள், கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கும்.

முன்பக்கத்து வெறும் உலோகப் பகுதியில் சில சமயம் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் தெரியும். அது வெள்ளி இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே வெள்ளீயப் பூச்சுதான்.

என்னென்ன விலங்குகள் உண்டு?

நாய், முயல், குதிரை, மான், காட்டுப்பன்றி, சிங்கம், சிறுத்தை, சேவல், கோழி, வாத்து, கழுகு, மயில், மீன், டால்ஃபின், தவளை, ஈ. முன்பாதி குதிரை, பின்பாதி மீன் என்ற கடல் விலங்கும் உண்டு. சிறுத்தையின் புள்ளிகளைச் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக விட்டு ஒவ்வொன்றிலும் எனாமல் வைத்திருப்பார்கள். வடக்கு பிரிட்டனுக்கே உரிய ஒரு வகை இருக்கிறது, இரண்டு முனையிலும் தலையோடு வளைந்து நெளிந்த ஒரு கற்பனைப் பிராணி, அதை டிராகன் வகை என்று அழைக்கிறார்கள், அது முழுக்க அந்த மண்ணின் பழைய வளைகோட்டுக் கலையிலிருந்து வந்தது.

விலங்கு இல்லாதவையும் உண்டு. செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஒரு ப்ரூச் இருக்கிறது, அதில் ஆணிகளைக்கூட எனாமல் புள்ளியாக வைத்திருக்கிறார்கள்.

ஏன் முயல் இவ்வளவு அதிகம்?

முயலைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜூலியஸ் சீசர் கி.மு. 55, 54-ல் பிரிட்டனுக்குப் படையெடுத்துப் போனவர். தன் போர்க்குறிப்புகளின் ஐந்தாம் பகுதியில், பிரிட்டன் மக்கள் முயலையும் கோழியையும் வாத்தையும் உண்பதைப் பாவமாக நினைக்கிறார்கள், ஆனால் ஆசைக்காக, பொழுதுபோக்குக்காக வளர்க்கிறார்கள் என்று எழுதுகிறார். வாத்து என்று நான் சொன்னது அங்கே பெருவாத்து. பிறகு கி.பி. 60 வாக்கில் ரோமுக்கு எதிராக எழுந்த அரசி பூடிக்கா, போருக்கு முன் படையினரிடம் பேசிவிட்டு, தன் ஆடை மடிப்பிலிருந்து ஒரு முயலை ஓடவிட்டுச் சகுனம் பார்த்தாள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்கிறார். டியோ இதை எழுதியது நூற்றைம்பது வருடம் கழித்து, அதனால் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முயலை அந்த மக்களோடு சேர்த்து நினைக்கும் பழக்கம் ரோமானியர் மனதில் இருந்தது என்பது தெரிகிறது.

இந்தப் பின்னணியில் ஒரு வகை ப்ரூச்சைப் பாருங்கள். சுமார் 3 செ.மீ. நீளம். பக்கவாட்டில் பதுங்கிய முயல், காதுகள் முதுகோடு ஒட்டி மடிந்திருக்கின்றன, கண் ஒரு சின்னப் பள்ளம். உடலின் நடுவே எனாமல் குழி, அந்தக் குழிக்குள் இரண்டு குட்டி முயல்களின் உருவத்தை உலோகத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றிலும் வண்ணம் நிரப்பியிருக்கிறார்கள். தாயின் வயிற்றுக்குள் குட்டிகள். இதை யாரோ ஒரு பெண் குத்திக்கொண்டாள் என்று நினைக்க எனக்கு ஆசை, பிள்ளை வேண்டும் என்றோ பிரசவம் நல்லபடி ஆக வேண்டும் என்றோ. அதற்குச் சான்று கிடையாது, இது என் எண்ணம் மட்டும்தான். வசந்த காலத்தின் அடையாளம், வேட்டையின் அடையாளம் என்று வேறு விளக்கங்களும் உண்டு.

வேட்டை என்றதும் நாய். பிரிட்டனிலிருந்து ஏற்றுமதியாகும் பொருட்களில் தானியம், கால்நடை, இரும்பு, தோல், அடிமைகளோடு வேட்டை நாய்களையும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பட்டியலிடுகிறார். ஓடும் நாய் ப்ரூச் குத்தியவருக்குத் தன் நாயைப் பற்றிய பெருமையே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். எல்லாவற்றிலும் சாமியைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் சாமிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, சில வகைகளுக்கு நிச்சயமாக உண்டு. அதைச் சொல்வது உருவம் இல்லை, கிடைத்த இடம்.

குதிரையும் வீரனும் சேர்ந்த ஒரு வகை இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் குதிரை, மேலே ஒரு ஆள், உடலில் எனாமல் குழிகள். இது இங்கிலாந்தில் கோயில் இருந்த இடங்களில் குவியலாகக் கிடைக்கிறது. நார்ஃபோக்கில் ஹாக்வோல்ட் என்ற ஊரில் கிடைத்திருக்கிறது, பூசாரிகள் அணிந்த வெண்கலக் கிரீடங்கள் கிடைத்த அதே ஊர். லெஸ்டர்ஷையரில், 1485-ல் நடந்த பாஸ்வொர்த் போரின் களத்தைத் தேடி உலோகம் காட்டும் கருவியோடு வயல் வயலாக நடந்தார்கள். பீரங்கிக் குண்டைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைவீரன் ப்ரூச்சுகள் கிடைத்தன. அங்கே ஒரு கோயில் இருந்திருக்கிறது. பக்தர்கள் வாங்கி, காணிக்கையாக விட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொரு இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் சில்லித் தீவுகளில் இருக்கும் நார்னூர். இன்று ஆள் இல்லாத குட்டித் தீவு. 1962-ல் புயலடித்துக் கரை அரித்ததில் பழைய கல் வீடுகள் வெளியே வந்தன. தோண்டினால் முந்நூறு ப்ரூச்சுக்கு மேல், அவற்றில் எனாமல் வேலை செய்தவை ஏராளம், கூடவே நாணயங்கள், களிமண் பெண் தெய்வச் சிலைகள். முதலில் இதை ப்ரூச் செய்யும் பட்டறை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ப்ரூச்சுகள் பிரிட்டனின் பல பக்கங்களிலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் வந்தவை. இப்போது, கப்பலில் போகிறவர்கள் இறங்கிக் கும்பிட்டுக் காணிக்கை போட்ட கடற்கரைக் கோயில் என்ற கருத்துதான் வலுவாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் ஊரில் வாங்கிய ஊசியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சேவல் மெர்க்குரி தெய்வத்தோடு சேர்ந்தது. இறந்தவர்களை மறு உலகத்துக்கு வழிநடத்துவதும் மெர்க்குரியின் வேலை. சைரென்செஸ்டரில் 2011-ல் ஒரு குழந்தையின் கல்லறையில் எனாமல் பதித்த வெண்கலச் சேவல் ஒன்று கிடைத்தது. இது ப்ரூச் இல்லை, 12.5 செ.மீ. உயரச் சிலை, ஆனால் அதே கைத்தொழில், மார்பிலும் சிறகிலும் எனாமல். குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுதான் இருக்கும். கொரினியம் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வாய் திறந்து கூவும் நிலையில் நிற்கிறது அது.

பணக்காரர்கள் அணிந்ததா?

இல்லை என்றுதான் சொல்வேன். பெரிய பணக்காரர்களுக்குப் பொன்னும் வெள்ளியும் கல்லும் இருந்தன. இவை பட்டறையில் ஒரே அச்சு வடிவத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தவை, கிராமத்துக் குடியிருப்புகளிலும் கோட்டையைச் சுற்றியிருந்த கடைத்தெருக்களிலும் கிடைக்கின்றன. அதே சமயம் மலிவான கம்பி ஊக்கைவிட ஒரு படி மேல், வண்ணம் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

ரோமானியர்கள் தமிழ்க் கரைக்கு வந்தார்களே, இதுவும் வந்ததா?

இது பேரரசின் எதிர் மூலையில் புழங்கிய பொருள். முசிறிக்கும் அரிக்கமேட்டுக்கும் வந்த வணிகம் எகிப்து, செங்கடல் வழி, அது வேறு உலகம். ஆனால் இரண்டையும் தொடும் ஒரு இழை உண்டு, பவளம். கால் நாட்டு மக்கள் முன்பு வாள், கேடயம், தலைக்கவசம் எல்லாவற்றிலும் பவளம் பதித்தார்கள், இந்தியாவில் அதற்கு அவ்வளவு விலை கிடைப்பதால் எல்லாம் அங்கே போய், இப்போது விளையும் இடத்திலேயே கண்ணில் படுவதில்லை என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். நமக்கு இந்திய முத்து எப்படியோ, இந்தியர்களுக்குப் பவளம் அப்படி என்கிறார். அந்த மக்கள் பவளம் பதித்த இடங்களில்தான் சிவப்புக் கண்ணாடியும் பதிக்கிறார்கள். இந்திய வணிகத்தால்தான் எனாமல் பிறந்தது என்று சொல்ல முடியாது, சிவப்புக் கண்ணாடி அதற்கு முந்தியே வந்துவிட்டது. இருந்தாலும், பவளத்துக்காக நம் பக்கம் காட்டிய ஆசை கால் நாட்டு ஆயுதங்கள் வரை உணரப்பட்டது என்பதைப் பிளினியே சொல்லியிருக்கிறார்.

நான் பார்த்த ப்ரூச்சில் எனாமல் பச்சையாக இருக்கிறது. உண்மையான நிறம் அதுதானா?

சந்தேகப்படுங்கள். சிவப்புக்குக் காரணமான செம்பு மண்ணுக்குள் ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து பச்சையாகிவிடும். அதனால் இன்று மங்கலான பச்சையாகத் தெரியும் பல குழிகள் ஒரு காலத்தில் அரக்குச் சிவப்பு. வெற்றுக் குழி என்றாலும் எனாமல் வைக்கவில்லை என்று அர்த்தமில்லை, உதிர்ந்து போயிருக்கும். உலோகமும் அப்படித்தான், நாம் பார்த்துப் பழகிய பச்சைக் களிம்பு மண் கொடுத்தது. புதிதில் அது பொன் மாதிரி மஞ்சளாகப் பளபளத்திருக்கும். மஞ்சள் உலோகத்தில் சிவப்பும் நீலமும் ஒளிரும் முயலைக் கற்பனை செய்து பாருங்கள், பழுப்புத் துணியின் மேல் எப்படி இருந்திருக்கும்!

புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருமா?

தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலீஷ், எதுவும் வேண்டாம். அந்தக் களிம்புத் தோலில்தான் நுண்ணிய கோடுகளும் வெள்ளீயப் பூச்சும் மிஞ்சியிருக்கும், தேய்த்தால் அதுவும் போய் எனாமலும் உதிர்ந்துவிடும். வெளிர்பச்சைத் தூள் புதிதாகப் பூத்தால் அது வேறு நோய், மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு ஈரக்காற்றில் உலோகத்தைத் தின்கிறது. சிலிக்கா ஜெல் போட்ட உலர்ந்த டப்பாவில் தனியாக வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல வருடங்களுக்கு முன்னால் நானே ஒரு வாத்து வாங்கினேன். அழகான படம், "இரண்டாம் நூற்றாண்டு, ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்று ஒரு வரி. வந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நீலத்துக்குள் வட்டவட்டமாகக் காற்றுக் குமிழிகள், ஊசி முனையால் தொட்டால் பள்ளம் விழுந்தது. கண்ணாடியில் பள்ளம் விழாது. அது வண்ணப் பிசின். பச்சைக் களிம்பும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, பெயின்ட் அடித்தது போல இருந்தது, ஊசி உட்காரும் காதில் அரம் போட்ட கோடு புதிதாகப் பளிச்சென்றது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தம் பணத்தைப் பற்றி இல்லை, பெட்டி வந்த அன்று சாயங்காலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகப் பேசியிருந்தேன்.

ஆகவே பார்க்க வேண்டியது: பிசினா கண்ணாடியா, களிம்பு திட்டுத்திட்டாக இயல்பாக இருக்கிறதா, அதே வாத்து இன்னும் பத்து இடத்தில் அச்சு அசலாக விற்கிறதா. சந்தேகம் தீர வேண்டுமானால் எக்ஸ்ரே வைத்து உலோகக் கலவையைப் பார்க்கும் கருவிகள் ஆய்வகங்களில் உண்டு.

ஆனால் அசலாகவே இருந்தாலும் நான் இப்போது வாங்குவதில்லை. காரணம் மேலேயே இருக்கிறது. நார்னூரில் கிடைத்ததால்தான் அது காணிக்கை என்று தெரிந்தது. பாஸ்வொர்த்தில் ஒவ்வொன்றும் எந்த வயலில் எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்ததால்தான் ஒரு கோயில் இருந்ததே தெரிந்தது. ராத்திரியில் தோண்டி எடுத்து, ஊர் பெயர் இல்லாமல், நாடு விட்டு நாடு போய் விற்பனைக்கு வரும் குதிரைவீரன் அழகாக இருக்கலாம், ஆனால் அவன் எந்தக் கோயிலுக்குப் போனான் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் வயலில் கிடைத்தால் அரசுக்குக் கொடுத்துவிட வேண்டுமா?

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 1996-ல் வந்த புதையல் சட்டம் முக்கியமாகப் பொன், வெள்ளியைப் பற்றியது. தனியாகக் கிடைக்கும் வெண்கல ப்ரூச் பொதுவாகப் புதையல் ஆகாது. 2023-ல் சட்டத்தை விரிவாக்கி, 200 வருடத்துக்கு மேற்பட்ட, மிக அரிய முக்கியத்துவம் உள்ள உலோகப் பொருட்களையும் சேர்த்தார்கள். ஸ்காட்லாந்தில் விதி வேறு, அங்கே பழம்பொருள் எது கிடைத்தாலும் தெரிவித்தாக வேண்டும். புதையல் ஆகாதவற்றுக்கு 1997-ல் தொடங்கிய போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் இருக்கிறது. கண்டெடுத்தவர் கொண்டுபோய்க் காட்டினால் படமெடுத்து, அளந்து, கிடைத்த இடத்தோடு பதிவு செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கட்டாயம் இல்லை, மனமுவந்து செய்வது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன.

ஊரில் இருந்துகொண்டே பார்க்க வழி உண்டா?

மேலே சொன்ன போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் பதிவுகள் இணையத்தில் யாருக்கும் இலவசம். ப்ரூச், ரோமானியர் காலம், எனாமல் என்று தேடுங்கள், பல பதிவுகளில் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படமும் இருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் தொகுப்பும் இணையத்தில் இருக்கிறது. ஐரோப்பா போனால் கொலோன் நகரத்து ரோமானிய ஜெர்மானிய அருங்காட்சியகம், பாரிஸுக்குப் பக்கத்தில் சாங் ஜெர்மாங் ஆங் லே தொல்லியல் அருங்காட்சியகம்.

எதைப் பார்த்தாலும் பின்னால் ஊசியைக் காணோமே?

ஊசிதான் முதலில் போகும். மெல்லிய கம்பி, தினமும் குத்திக் கழற்றி வளைந்து வளைந்து ஒரு நாள் ஒடியும். கீல் வகையில் ஊசி ஒரு சின்ன அச்சில் சுழலும், அந்த அச்சு இரும்பாக இருந்தால் துருப்பிடித்து மண்ணோடு போய்விடும், இரண்டு காதுகளின் துளையில் பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும். அடுத்த முறை பின்பக்கப் படம் பார்க்கும்போது அந்தத் துளையைத் தேடுங்கள். வயலில் தனியாகக் கிடைக்கும் பல ப்ரூச்சுகள் தொலைந்ததற்குக் காரணமே அதுவாகத்தான் இருக்கும்: நடந்து போகும்போது அச்சு கழன்று, வாத்து துணியிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்து, வீட்டுக்குப் போய் மேலங்கியைக் கழற்றும்போதுதான் தெரிந்திருக்கும்.